வரிசை வேறு, தகுதி வேறு

அமெரிக்காவில் சட்டம் படிப்பவர்கள், மூன்றாண்டுப் படிப்பின் முதல் ஆண்டிலேயே தங்கள் தொழில் வாழ்க்கையின் போக்கைத் தீர்மானிக்கும் தேர்வுகளை எழுதிவிடுகிறார்கள். ஒப்பந்தச் சட்டம், சொத்துச் சட்டம், தீங்கியல் சட்டம், உரிமையியல் நடைமுறை என்று பாடத்துக்குப் பாடம் பெரும்பாலும் பருவ இறுதியில் ஒரே ஒரு தேர்வுதான். அந்த மதிப்பெண்களைப் பார்த்துத்தான் பெரிய சட்ட நிறுவனங்கள் இரண்டாம் ஆண்டுக் கோடைக்காலப் பணிக்கு ஆள் எடுக்கின்றன. அந்தக் கோடைப் பணியே பெரும்பாலும் நிரந்தர வேலையாகிறது. முதலாண்டு முடிந்து ஆகஸ்டில் நடந்துவந்த கேம்பஸ் இன்டர்வியூ அண்மை ஆண்டுகளில் இன்னும் முன்னால் நகர்ந்திருக்கிறது. 2023 இறுதியிலிருந்து பல பெரிய நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 2,25,000 டாலர். அரசு வழக்கறிஞர் பணிக்கோ சிறிய அலுவலகத்துக்கோ போகிறவருக்குப் பல ஊர்களில் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. இப்படி, சில மணி நேரத் தேர்வுகளின் முடிவு பல ஆண்டு வாழ்வின் மேல் விழும்போது ஒரு பழைய அறக் கேள்வி எழுகிறது: ஒருவருக்கு உரியது எது என்பதை எதைக் கொண்டு அளப்பது?

இதற்கு அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில் ஓர் அளவுகோல் தருகிறார். நல்ல குழல்களை யாருக்குக் கொடுப்பது என்றால், நன்றாக ஊதத் தெரிந்தவருக்கு. குலத்திலும் அழகிலும் உயர்ந்தவருக்கு அல்ல. ஏனென்றால் குழல் இருப்பதே ஊதுவதற்காக. பதவியையும் பொருளையும் பகிரும்போது, அவற்றைப் பயன்படுத்தத் தேவையான ஆற்றலை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது இதன் சாரம். பெரிய சட்ட நிறுவனங்கள் தாங்களும் இதைத்தான் செய்வதாகச் சொல்கின்றன. ஆகவே அவற்றின் அளவுகோலைக் கொண்டே அவற்றைக் கேட்கலாம்: முதலாண்டு மதிப்பெண் உண்மையில் எந்த ஆற்றலைக் காட்டுகிறது?

தேர்வுத்தாளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் விடை தெளிவாகும். மூன்று, நான்கு மணி நேரம். இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு கற்பனைச் சம்பவம்: ஒருவர் வாக்குக் கொடுக்கிறார், இன்னொருவர் அதை நம்பிச் செலவு செய்கிறார், இடையில் சரக்கு கெட்டுப்போகிறது. அதற்குள் ஒளிந்திருக்கும் சட்டச் சிக்கல்களைக் கண்டுபிடித்து, கடிகாரத்தோடு போட்டியிட்டு எழுத வேண்டும். சட்ட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருட இளநிலை வழக்கறிஞர் செய்வது வேறு. ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்குகிறது என்றால், நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்து, உரிமை கைமாறும்போது முறிந்துவிடக்கூடிய ஷரத்து எதில் இருக்கிறது என்று பட்டியலிட வேண்டும். ஒரு பிரிவின் எண் மாறினால் அதைச் சுட்டும் எல்லா இடங்களையும் திருத்த வேண்டும். அங்கே வேண்டியது நாள்கணக்கில் தளராத கவனம், தெரியாததைத் தயங்காமல் கேட்கும் நேர்மை, கட்சிக்காரரின் கவலையைப் புரிந்துகொள்ளும் மனம். விரைவும் கூர்மையும் அங்கேயும் உதவும்தான். ஆனால் அவை ஒரு பகுதி மட்டுமே. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷுல்ட்ஸ், செடெக் என்ற ஆய்வாளர்கள் நல்ல வழக்கறிஞருக்கு வேண்டிய திறன்களைத் தொகுத்தபோது 26 வந்தன. எழுத்துத் தேர்வில் அகப்படுபவை அவற்றில் சில.

இதோடு ‘கர்வ்’ முறையும் சேர்ந்துகொள்கிறது. பல கல்லூரிகளில் வகுப்பின் சராசரி எங்கே நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே விதிக்கப்பட்டிருக்கிறது. பேராசிரியர் எல்லோருக்கும் உயர்ந்த கிரேடு போட முடியாது. ஒரே விடைத்தாள் ஒரு வகுப்பில் மேலேயும், வல்லவர்கள் நிறைந்த வேறொரு வகுப்பில் கீழேயும் போகும். எல்லோரும் நன்றாகப் படித்தாலும் ஏறத்தாழ பாதிப் பேர் நடுக்கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள். அப்படியானால் ‘சராசரிக்குக் கீழே’ என்பது அருகில் யார் யார் நின்றார்கள் என்பதைப் பொறுத்த ஓர் இடம். ஆற்றலோ ஒருவரிடமே இருப்பது. முன்னதைப் பின்னதாகப் படிப்பதுதான் இங்கே நடக்கும் தவறு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சட்டத் தேர்வுத் தாள்கள் பெரும்பாலும் பெயர் தெரியாமல் திருத்தப்படுகின்றன. மதிப்பெண்ணை ஒதுக்கினால் அந்த இடத்தில் குடும்பப் பெயரும் நிறமும் பழக்கமும் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். இந்த அச்சத்துக்கு வரலாறே சான்று. 1959-இல் கொலம்பியா சட்டக் கல்லூரியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு வெளிவந்த ரூத் பேடர் கின்ஸ்பெர்க்குக்கு நியூயார்க்கின் சட்ட நிறுவனங்கள் வேலை தரவில்லை. 1952-இல் ஸ்டான்ஃபோர்டில் சிறந்த மாணவியாகத் தேறிய சாண்ட்ரா டே ஓ’கானருக்கு ஒரு பெரிய நிறுவனம் தர முன்வந்தது செயலாளர் வேலை. இருவரும் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளானார்கள். எனவே பெயரறியாத் தேர்வு எளியவருக்குக் கிடைத்த ஒரு பாதுகாப்பு என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஒரு தகுதிக் கோடு போதும். அதைத் தாண்டி நுணுக்கமான வரிசை தேவையில்லை. யேல், ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு ஆகிய மூன்றிலும் A, B, C என்ற வழக்கமான எழுத்துக் கிரேடுகளே இல்லை. சிறப்பு, தேர்ச்சி என்பது போன்ற அகன்ற படிகள்தான். ஆனாலும் பெரிய நிறுவனங்கள் அங்கே தேடிப்போய் ஆள் எடுக்கின்றன. நுழைவிலேயே சலிக்கப்பட்டவர்கள் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். அதிலிருந்து தெரிவது, ‘இவர் போதும்’ என்ற நம்பிக்கை வந்தபின் வரிசை இல்லாமலே தேர்ந்தெடுக்க நிறுவனங்களால் முடியும் என்பதே. அந்த நம்பிக்கையைப் பிற கல்லூரி மாணவர்களுக்கும் நீட்ட வேண்டும்: ஒரு கோட்டை வைத்து, அதற்கு மேல் வருபவர்களுக்கு வேலையை ஒத்த ஒரு பயிற்சியைக் கொடுத்து, அதைப் பெயர் மறைத்துத் திருத்தலாம்.

கடுமையாக உழைத்து மேலே வந்தவருக்கு இது அநீதி அல்லவா என்பது அடுத்த கேள்வி. உழைப்புக்கு மதிப்புத் தர வேண்டும். ஆனால் கர்வ் உழைப்பை அளப்பதில்லை, விளைவைத்தான் அளக்கிறது. பிறவித் திறமையை யாரும் சம்பாதித்துப் பெறவில்லை என்று 1971-இல் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் வாதிட்டார். குடும்பத்தில் முதல்முறையாகச் சட்டம் படிப்பவரும், வழக்கறிஞர் வீட்டில் பிறந்தவரும் ஒரே தூரம் ஓடி அந்தத் தேர்வறைக்கு வரவில்லை. முதலிடம் பெற்றவருக்கு முதல் அழைப்பு போகட்டும். இடங்கள் குறைவாக இருக்கும்போது வரிசை, யாரை முன்னால் அழைப்பது என்று சொல்லலாம்; யார் தகுதியற்றவர் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அதற்கு இல்லை.

இதே நியாயம் வேலை தேடுகிறவரையும் கட்டுப்படுத்தும். மதிப்பெண் தன் மேலான தீர்ப்பல்ல என்று நம்புகிறவர் அதைத் திருத்திச் சொல்ல வேண்டியதில்லை. கேட்காத இடத்தில் சொல்லாமலிருப்பது பொய்யல்ல. மதிப்பெண் சராசரியின் தசமத்தை உயர்த்தி எழுதுவது பொய். வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது ஒழுக்கத்தையும் விசாரிக்கும் தொழிலில் அந்தப் பொய் ஒருவரின் உண்மையான தகுதியையே அழித்துவிடும். மதிப்பெண்ணே கடைசிச் சொல்லும் அல்ல: பெரிய நிறுவனங்களே சில ஆண்டு அனுபவம் பெற்றவர்களை வேறு அலுவலகங்களிலிருந்து எடுக்கின்றன. அப்போது அவர்கள் கையாண்ட வழக்குகளும் ஒப்பந்தங்களும் பேசத் தொடங்குகின்றன. செய்த வேலையைப் பார்த்துச் சில ஆண்டுகள் கழித்துத் தரக்கூடிய நீதியை, முதல் நாளிலேயே தர முயல்வது அந்த நிறுவனங்களின் கடமை. அதுவரை, செய்யத் தெரிந்த வேலையைச் செய்துகாட்டக் கிடைக்கும் எந்த இடத்தையும் சிறிதென்று எண்ணாமல் ஏற்பது, பின்வரிசையில் நிறுத்தப்பட்டவர் தனக்குத்தானே செய்துகொள்ளும் நீதி.