வியாழக்கிழமை வந்த அக்கா

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. நைட் ஷிப்ட் முடித்து, தூங்கி எழுந்து, சாயங்காலம் தெலுக் கெமாங் கடற்கரையில் தே ஓ ஐஸ் குடித்துக்கொண்டிருந்தேன். வாரநாள் என்பதால் கூட்டமில்லை. இரண்டு பையன்கள் கிட்டே வந்து, தங்களைச் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஒருவன் யூட்டாவிலிருந்து வந்த வெள்ளைக்காரன், இன்னொருவன் பிலிப்பினோ. இருவருக்குமே இருபது வயது தாண்டியிருக்காது. படம் எடுத்துக் கொடுத்துவிட்டு, "இவ்ளோ தூரம் வந்துட்டு ஏன் தண்ணியில எறங்கல?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு நீந்த அனுமதி இல்ல" என்றான் யூட்டாக்காரன்.

சரி, ஒரு டீயாவது குடிங்க என்றேன். டீயும் கூடாதாம், காப்பியும் கூடாதாம். கடைசியில் மைலோ ஐஸில் ஒத்துக்கொண்டார்கள்.

மோர்மன் மிஷனரிகள். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது அவர்கள் சபையின் முழுப் பெயர். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்: வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர் அட்டை, எப்போதும் இரண்டு பேர். திங்கட்கிழமை துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்குப் போன் பேச விடும் நாள் என்பதால் அன்று டீ சட்டையில் இருந்தார்கள். வாரம் ஒரு முறை வீட்டோடு பேசலாம் என்பதே 2019இல்தான் வந்ததாம். அதற்கு முன் மின்னஞ்சல் எழுதலாம், குரல் கேட்பதென்றால் கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று, அவ்வளவுதான்.

அவர்கள் ஒரு நாளை எப்படி ஓட்டுகிறார்கள் என்று கேட்கக் கேட்க எனக்கு மூச்சு முட்டியது. காலை ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, வேத வாசிப்பு, ஜோடியோடு சேர்ந்து படிப்பு, அப்புறம் மொழிப் பாடம். பிறகு ஊரைச் சுற்றி ஆள் பார்ப்பது. இரவு பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். காதல் கூடாது. ஜோடி கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்திலேயே இருக்க வேண்டும். பையன்களுக்கு இது இரண்டு வருடம். 2012 முதல் பதினெட்டு வயதிலேயே கிளம்பலாம். செலவு பெரும்பாலும் அவரவர் குடும்பத்துடையது. இந்த வயதுக்காரர்களை 'எல்டர்' என்று கூப்பிடுகிறார்கள், தமிழில் 'மூப்பர்'. மீசை சரியாக முளைக்காத மூப்பர்கள்.

வாரா வாரம் எண்ணிக்கை அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்கள். எத்தனை பேரைப் புதிதாகச் சந்தித்தோம், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அட, இது நம்ம கேபிஐ ஆச்சே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இவர்கள் அந்தப் பக்கம் பார்த்துப் புன்னகைத்ததோடு சரி. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் சட்டம் இயற்றலாம் என்று அதே பிரிவின் 4ஆவது உட்பிரிவு சொல்கிறது. நெகிரி செம்பிலானில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. ஆக, இந்தக் கடற்கரையில் அவர்கள் பேசக்கூடிய ஆள் நான்தான். தமிழனைக் கண்டாலே ஏன் எல்லாரும் துண்டுப் பிரசுரம் நீட்டுகிறார்கள் என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

அதனால்தான் மைலோ பாதியில் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். "நான் எப்பவுமே உங்க சபையில சேர மாட்டேன்னு இப்பவே சொல்லிட்டா, அடுத்த வாரமும் என்கூட பேச வருவீங்களா?"

அவனை மடக்கக் கேட்டதில்லை. ஆறு வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருந்தது. கேட்டிருக்க வேண்டிய ஆள் வேறொருவர்.

என் பாட்டி சிலியாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய் செம்பனை வந்து, லயமும் போனபின் லுக்குட்டில் மலிவு விலை அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்கு வந்தோம். சீனி வியாதி. காலில் ஆறாத புண். அம்மா பேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். பாட்டி பகலெல்லாம் தனியாகக் கிடப்பார். கீழ் மாடியில் ஒரு அக்கா இருந்தார். மோர்மன் இல்லை, கடைவீட்டு மாடியில் நடக்கும் ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவர். வியாழக்கிழமை அவருக்கு வேலை லீவு. அன்று மேலே வந்து பாட்டியின் காலைக் கழுவி மருந்து வைத்து, நல்ல காலுக்கு எண்ணெய் தேய்த்து, தலை வாரி, கடைசியில் கண்மூடி ஐந்து நிமிடம் ஜெபம் பண்ணிவிட்டுப் போவார். எல்லாம் மாரியம்மன் படத்துக்குக் கீழேதான் நடந்தது. "அவ சாமிகிட்ட அவ பேசுறா, ஒனக்கென்னடா" என்பார் பாட்டி.

எனக்கு என்னமோ இருந்தது. அந்த விடுமுறைக்கு வருவதற்கு முந்தின வாரம்தான் மாணவர் கூட்டமொன்றில் மதமாற்றம் பற்றி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தேன். வியாழக்கிழமை வாசலிலேயே அக்காவை நிறுத்தி, "நீங்க எதுக்கு வரீங்கன்னு எங்களுக்குத் தெரியும்க்கா. இனிமே வராதீங்க" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்து, "சரி தம்பி" என்றார். கையிலிருந்த எண்ணெய்ப் போத்தலை வாசல் திண்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை நான் ஊரில் இல்லை. கேம்பசுக்குத் திரும்பிவிட்டேன்.

நான் எதை எதிர்த்தேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். எண்ணெய் தேய்த்ததை எதிர்க்கவில்லை, அதற்குப் பின்னால் இருந்த நோக்கத்தைத்தான் எதிர்த்தேன். மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்று காண்ட் சொன்னதை, படிக்காமலே மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வயது அது. அந்த 'மட்டும்' என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை. சைட்டில் தினமும் காலையில் ஹெல்மெட் போடச் சொல்லிக் கத்துகிறேன். விபத்து எண்ணிக்கை ஏறினால் என் வேலைக்கு ஆபத்து என்பதும் அந்தக் கத்தலில் இருக்கிறது. அதற்காக அந்த வங்காளதேசத் தம்பியின் மண்டை உடையக்கூடாது என்ற எண்ணம் பொய்யாகிவிடுமா? இரண்டும் சேர்ந்துதான் இருக்கின்றன. எது எத்தனை விழுக்காடு என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் இந்த உதாரணம் ஓரளவுக்குத்தான் ஓடும். யார் எதற்காகச் சொன்னாலும் ஹெல்மெட் தலையைக் காக்கும். வியாழக்கிழமைக்காகப் பாட்டி காத்திருந்தது காலைக் கழுவிக்கொள்ள மட்டும் இல்லையே. தன்னைப் பார்க்க ஒருத்தி வருகிறாள் என்றுதான் காத்திருந்தார். வந்தவள் தன்னைப் பார்க்காமல் ஓர் ஆன்மாவை எண்ணிக்கையில் சேர்க்க வந்திருந்தால் பாட்டி ஏமாற்றப்பட்டவர்தானே? இன்னொன்றும் இருக்கிறது. கடற்கரையில் சம்பளக்காரனான என்னிடம் பேசுவதும், எழுந்து போக முடியாமல் கிடக்கும் கிழவியிடம் பேசுவதும் ஒன்றல்ல. எனக்குப் பிடிக்காவிட்டால் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விடலாம். இதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பலவீனமான நேரத்தில் ஒருவர் கையைப் பிடிப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்ட விதமும் கேட்ட ஆளும்தான் தப்பு. மாமா, சித்தி, கோயில் கமிட்டி, என் மாணவர் சங்கம், நான் என்று எந்த உள்நோக்கமும் இல்லாத எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட மூன்று மாடி ஏறி அந்தப் புண்ணைக் கழுவவில்லை. எழுந்து போக முடியாமல் பாட்டி கிடந்ததில் எங்கள் பங்கும் உண்டு.

யூட்டாக்காரன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான். பிலிப்பினோ பையன் மணலில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"உண்மையச் சொல்லணும்னா, வரமாட்டோம்" என்றான். "கேக்க விருப்பமுள்ளவங்ககிட்ட போகணும். எங்க நேரம் எங்களோடது இல்ல. ஆனா ரெண்டு வருஷம் முடிஞ்சப்புறம் இங்க வந்தா கண்டிப்பா உங்கள பாக்க வருவேன். அப்ப நீந்தவும் செய்வேன்."

இவ்வளவு நேர்மையான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. கையைக் குலுக்கிவிட்டு சிரம்பான் பஸ்ஸுக்குப் போனார்கள்.

அன்றிரவு இவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். ரிச்சர்ட் பாலண்டைன் என்ற மோர்மன் மிஷனரி மனைவி பிள்ளைகளை யூட்டாவில் விட்டுவிட்டு 1853இலேயே கப்பலேறி மதராஸ் வந்திருக்கிறார். ஏறக்குறைய ஒரு வருடம் அலைந்தும் சேர்ந்தவர்கள் மிகச் சிலர். அதைவிட என்னை நிறுத்தியது இன்னொரு கதை. கோயம்புத்தூர்க்காரர் எஸ். பால் திருத்துவதாஸ் 1954இல் இந்தச் சபையின் பிரசுரத்தைப் படித்துத் தானாகவே ஈர்க்கப்பட்டார். பிற்காலத்தில் சபைத் தலைவரான கார்டன் பி. ஹிங்க்லி 1961இல் அவரை நேரில் வந்து பார்த்தார். ஞானஸ்நானம் கிடைத்ததோ 1965இல்தான். என்னைப் போலக் கேட்காதவனைத் தேடி வருகிறார்கள், கேட்டவர் பதினொரு வருடம் காத்திருந்தார். மதம் மாறுகிறவர்கள் எல்லாம் ஏமாந்தவர்கள் என்று அந்த மாணவர் கூட்டத்தில் சொன்னார்கள். பதினொரு வருடம் யோசித்த ஒரு மனிதரை அந்தக் கணக்கில் எங்கே வைப்பது?

அக்காவை யாரும் இரண்டு வருடத்துக்கு அனுப்பி வைக்கவில்லை. அவர் எண்ணிக்கை அனுப்பினாரா என்றும் எனக்குத் தெரியாது. பாட்டியிடம் என்ன சொன்னாய் என்று அம்மாவும் என்னைக் கேட்டதில்லை. போனில் ஒரே ஒரு தடவை, "வெயாளக்கெளமதான இன்னிக்கு, அது வரலியே" என்று பாட்டி சொன்னார். எனக்கு பரீட்சை இருந்தது. மூன்று மாதத்தில் இறந்துபோனார்.

சாவு வீட்டுக்கு அக்கா வந்திருந்தார். வேதப் புத்தகம் எதுவும் கையில் இல்லை. ஜெபம் பண்ணவில்லை. பின்பக்க நடையில் உட்கார்ந்து டீ கிளாஸ்களையும் சட்டிகளையும் கழுவிக்கொண்டே இருந்தார். நான் இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்விட்டுப் பேசாமல் திரும்பினேன். சித்தி என் காதில், "கெழவி போயிட்டா. இப்ப ஒங்களப் புடிக்க வந்திருக்கா, பாத்துக்க" என்றார்.

இருக்கலாம். பாத்திரம் நிறைய இருந்தது. இருட்டுகிற வரைக்கும் கழுவினார்.