கயிறு பிடிக்கும் கை

எதிர்நீச்சல் என்னும் சொல்லுக்குத் தமிழரிடையே தனி மதிப்பு உண்டு. வறுமையை வென்று கல்வி பெற்றவனை எதிர்நீச்சல் போட்டவன் என்று மேடையில் பாராட்டுகின்றனர். தோட்டப்புறங்களை விட்டுத் தம்போய் போன்ற நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்து, தொழிற்சாலை வேலையில் கால் ஊன்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களின் வரலாற்றைச் சொல்லும்போதும் அச்சொல்லே முன்வந்து நிற்கிறது. அதற்கு மாறாக, ஓட்டத்தோடு போகிறவன் என்பது பழிச்சொல்லாகிவிட்டது. முயற்சியற்றவன், தன்னை விதியின் கையில் ஒப்படைத்தவன் என்பதே அதன் பொருள்.

ஆனால் ஓட்டத்தோடு போவதையே ஒழுங்காகக் கொண்ட ஒரு கலையும் உலகில் இருக்கிறது. பவளப்பாறைகளை ஒட்டிக் கடல்நீர் விரைந்து ஓடும் இடங்களில், அவ்வோட்டத்திலேயே மிதந்து சென்று கடலடிக் காட்சிகளைக் காணும் நீரோட்ட முக்குளிப்பே அது. அக்கலையை ஊன்றி நோக்கினால், விதி எது, பொறுப்பு எது என்னும் பழைய வினாவுக்குப் புதிய விளக்கம் ஒன்று கிடைக்கிறது.

தம்போயிலிருந்து வடகிழக்கே இரண்டு மூன்று மணி நேரம் சாலை வழியே சென்றால் மெர்சிங் நகரை அடையலாம். அதற்கு அப்பால் தென்சீனக் கடலில் ராவா, சீபு, திங்கி முதலிய தீவுகள் உள்ளன. அத்தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளப்பாறைகள் சுல்தான் இஸ்கண்டார் கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்கள் நீங்கலாக, பிற காலங்களில் முக்குளிப்போர் இக்கடற்பகுதியை நாடி வருகின்றனர்.

அமைதியான இடத்தில் முக்குளிப்பவர் படகை விட்டு இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு அதே படகுக்குத் திரும்புவார். நீரோட்ட முக்குளிப்பில் அவ்வாறு திரும்புவதில்லை. ஓரிடத்தில் இறங்குகிறார், மற்றோரிடத்தில் மேலே வருகிறார். இடைப்பட்ட தொலைவைக் கடலே கடத்திக் கொடுக்கிறது. அவர் துடுப்புக்கால் உதைப்பது கூடச் சிறிதே. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தாதே என்பதே அவருக்குக் கற்பிக்கப்படும் முதல் பாடம். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில் ஓடும் நீர் கரையிலிருந்து பார்ப்பவனுக்கு மெதுவாகவே தோன்றும். ஆனால் காற்று உருளையைச் சுமந்தவன் அதனை நெடுநேரம் எதிர்த்து நீந்த முடியாது. முயன்றால் மூச்சு இரைக்கும். உருளையிலுள்ள காற்று விரைவில் தீரும். வீரம் என்று எண்ணிச் செய்தது அறியாமையாக முடியும். ஓட்டத்திலிருந்து விலக வேண்டுமானால் குறுக்கே நீந்த வேண்டும், எதிரே நீந்தலாகாது.

ஓட்டம் பகையும் அன்று. பாறையோடு பாறையாக ஒட்டி வாழும் பவள உயிர் உணவைத் தேடிச் செல்ல இயலாது. நுண்ணுயிர்களை அதன் வாயருகே கொண்டுவருவதும், கழிவை அகற்றுவதும், மேலே படியும் வண்டலைக் கழுவுவதும் ஓடும் நீரே. தம்போயிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள ஜொகூர் நீரிணை இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. சிங்கப்பூரை இணைப்பதற்காகக் கடலில் கல்லிட்டுத் தூர்த்து எழுப்பி, 1924இல் திறக்கப்பட்ட பாலம் மக்களின் போக்குவரத்தைப் பெருக்கியது. ஆனால் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே நீரின் போக்குவரத்தை நிறுத்தியது. ஓட்டம் நின்ற நீர் தேங்கிய நீரே.

ஆயின், ஓட்டத்துக்கு இசைந்து போவது விதிக்கு அடங்கிப் போவதுதானே என்னும் ஐயம் எழலாம். இவ்வையம் தமிழருக்குப் புதியதன்று. புறநானூற்றின் 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார், உயிரின் பயணத்தை ஆற்று நீரில் மிதந்து செல்லும் புணைக்கு ஒப்பிட்டார். அவ்வுவமையைக் காட்டி, எல்லாம் விதிப்படியே நடக்கும் எனக் கைகட்டி இருப்போரும் உண்டு. அவர்கள் இரண்டு செய்திகளை மறந்துவிடுகின்றனர். ஒன்று, அப்பாடல் செயலின்மையில் முடியவில்லை. உயர்ந்தவரைக் கண்டு மலைக்கவும், எளியவரைத் தாழ்வாக எண்ணவும் வேண்டாம் என்னும் ஒழுக்கத்தில் முடிகிறது. மற்றொன்று, புணை என்பது தானே முளைத்து வந்த பொருளன்று. யாரோ ஒருவர் மரங்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, கட்டிய பிறகே அது புணையாகிறது. நீர் எங்குக் கொண்டு செல்லும் என்பது நீரின் செயல். கட்டு அவிழாமல் இருக்குமா என்பது கட்டியவனின் செயல்.

பவள உயிரின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. ஆண்டில் சில இரவுகளில், பெரும்பாலும் முழுநிலாவை ஒட்டி, பலவகைப் பவளங்கள் ஒரே காலத்தில் தம் முட்டைகளையும் விந்துகளையும் நீரில் விடுகின்றன. அவற்றிலிருந்து தோன்றும் இளம்புழு மணலினும் சிறியது. நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில், கடல் இழுத்த இழுப்புக்கெல்லாம் மிதந்து செல்கிறது. ஆயினும் கண்ட இடத்தில் அது ஒட்டிக்கொள்வதில்லை. பாறையில் படர்ந்திருக்கும் ஒருவகைச் சுண்ணாம்புப் பாசியின் வேதிக்குறிப்பை உணர்ந்து, தகுந்த இடம் இது என்று கண்ட பிறகே அமர்கிறது. அமர்ந்தபின் வாழ்நாள் முழுவதும் அவ்விடத்தை விட்டு நகர்வதில்லை. ஓட்டத்தைத் தேர்ந்தெடுக்க இயலாத அச்சிற்றுயிர்க்கும் தேர்ந்தெடுக்கத்தக்க ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில்தான் பவளப்பாறை பிறக்கிறது.

எனவே, ஓட்டத்தோடு செல்வோனுக்குப் பொறுப்பு இல்லாமல் போவதில்லை. அது இடம் மாறுகிறது. வேகத்தை எதிர்ப்பது அவன் கடமையன்று. நீரின் நிலையை அறிந்து இறங்குவது, துணைவனை விட்டுப் பிரியாதிருப்பது, காற்றின் அளவைப் பார்த்துக்கொள்வது, மேலே வருமுன் அடையாள மிதவையை நீர்மட்டத்துக்கு அனுப்புவது ஆகியவை அவன் கடமை. ஆனால் இவையனைத்தையும் ஒருவன் குறைவறச் செய்தாலும், அவன் உயிர் வேறொருவர் கையில் இருக்கிறது. மேலே படகில் இருப்பவரின் கை அது.

இந்த உண்மையை மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போர் நன்கு அறிந்திருந்தனர். தூத்துக்குடிக் கடலில் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பில், குளிப்பவர் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஆழத்துக்கு இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும்; சிறிது தாழ்த்தாலும் உயிர் போய்விடும். அக்கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுப்பார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தன் தங்கையின் தாலியைத் தன் கையில் பிடித்திருப்பவன் கண்ணயர மாட்டான் என்பதே அதன் கருத்து. அக்கடலில் சுறாவைக் கட்டுவதற்கு மந்திரம் ஓதுவோரும் இருந்தனர். அவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக மார்க்கோ போலோ எழுதியுள்ளார். மந்திரத்தை நம்பினார்கள், விதியையும் நம்பினார்கள், ஆயினும் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுத்தார்கள். அந்த எளிய மக்களின் மெய்யறிவு வியக்கத்தக்கது.

நீரோட்ட முக்குளிப்பில் கயிறு இல்லை. நீர்மட்டத்தில் தோன்றும் குமிழிகளும், அலைகளுக்கிடையே நிமிரும் ஒரு சிறு மிதவையும், அவற்றை விடாது நோக்கும் படகோட்டியின் கண்ணுமே கயிறு. கண்ணுக்குத் தெரியாத கயிறு என்பதால் அதை நழுவ விடுவது எளிது. நழுவியதை மறைப்பதும் எளிது.

2022 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்சிங் கடலில் தோக்கோங் சங்கோல் தீவருகே நால்வர் பயிற்சி முக்குளிப்புக்கு இறங்கினர். நீரோட்டத்தில் மிதந்து செல்வது அவர்கள் நோக்கமன்று. ஆனால் மேலே வந்தபோது படகைக் காணவில்லை. அதன்பின் நீரோட்டம் அவர்களைத் தன் போக்கில் இழுத்துச் சென்றது. பயிற்றுநர் மறுநாள் இழுவைப் படகொன்றினால் மீட்கப்பட்டார். மேலும் இருவர் 9ஆம் நாள் அதிகாலையில் மீனவர் கண்ணில் பட்டு உயிர் பிழைத்தனர். நான்காமவன் 14 வயதுச் சிறுவன். பிழைத்தவருள் ஒருவர் அவன் தந்தை. மகன் இறந்த செய்தியைச் சொல்வதற்காகவே பிழைத்தவர் போல் அத்தந்தை கரை சேர்ந்தார்.

இத்தகைய செய்தியைக் கேட்டவுடன் மக்கள் வாயில் எழும் முதற்சொல் விதி என்பதே. அச்சொல்லைக் குறை கூறுவதற்கில்லை. மகனை இழந்தவர் அச்சொல்லைப் பற்றிக்கொண்டு மறுநாளைக் கடப்பாரானால் அதனைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒரே சொல் இரண்டு வாய்களில் இரண்டு பொருள் பெறுகிறது. நீரில் கிடப்பவன் சொன்னால் அது ஆறுதல். படகில் இருப்பவன் சொன்னால் அது தப்புதல்.

1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் முக்குளிக்கச் சென்ற கணவன் மனைவி இருவரைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. தலைகளை எண்ணியதில் நேர்ந்த பிழை. இருவர் குறைந்திருப்பது இரண்டு நாட்கள் கழித்தே தெரியவந்தது. அவர்கள் உயிருடன் மீளவில்லை. அதன்பின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஆட்களை எண்ணிச் சரிபார்க்கும் விதிமுறைகள் கடுமையாக்கப்பட்டன. எண்ணிச் சரிபார்த்தால் தவிர்க்கக்கூடிய ஒன்றை ஊழ் என்று அழைக்கலாமா? கடலின் ஓட்டம் ஊழாக இருக்கலாம். எண்ணிக்கையில் நேர்ந்த பிழை ஊழன்று.

திருவள்ளுவர் ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தை அமைத்தார். அதன் வலிமையை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். அவரே 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பாடி, ஊழையும் புறங்காணும் முயற்சியைப் போற்றினார். இரண்டும் முரண் என்று கருதுவோர் உளர். முக்குளிப்பவனையும் படகோட்டியையும் ஒருசேர நினைப்பவர்க்கு அம்முரண் தளர்ந்துவிடும். தனக்கு நேர்ந்த துன்பத்தை ஏற்குங்கால் முதல் அதிகாரம் துணை நிற்கும். பிறர்க்கு நேரவிருக்கும் துன்பத்தைத் தடுக்குங்கால் இரண்டாவதே வழிகாட்டும். இடம் மாற்றிப் படிப்பதுதான் பிழை.

விழிப்பான படகோட்டிக்கும் புயல் வரலாம். மழைத்திரை கண்ணை மறைக்கலாம். அப்போதும் அவன் குற்றவாளியா என்று கேட்கலாம். அல்லன். ஆனால் தேடி ஓய்ந்த பிறகு சொல்லும் விதி வேறு. தேடுமுன் சொல்லும் விதி வேறு. முன்னதில் பணிவு இருக்கிறது. பின்னதில் சோம்பல் இருக்கிறது.

கல்விக்கூடத்தில் இந்த வேறுபாடு நாள்தோறும் சோதனைக்கு வருகிறது. வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கலாம். ஒவ்வொருவரும் வெவ்வேறு நீரோட்டத்தில் வந்தவர்கள். இரவு வேலைக்குச் செல்லும் தாய், வீட்டில் இல்லாத தந்தை, கைப்பேசியில் கழியும் இரவுகள் ஆகியவற்றை அப்பிள்ளை தேர்ந்தெடுக்கவில்லை. எதிர்நீச்சல் போடு என்று அதனிடம் சொல்வது எளிது. நீந்த வலுவுள்ள சிலர் நீந்தியும் காட்டுவர். மற்றவரை நோக்கி, அவன் தலையெழுத்து அவ்வளவுதான் என்று ஆசிரியர் அறையில் ஒரு குரல் எழுமானால், அது படகிலிருந்து எழுகின்ற குரல். மூன்று நாள் வராத மாணவனின் பெயருக்கு எதிரே பதிவேட்டில் குறியிடுவதும் ஒருவகை எண்ணிக்கையே. அந்தக் குறியைக் கண்டு வீடு தேடிச் செல்பவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார். குறியிட்டுவிட்டு ஏட்டை மூடுபவர் அதை நழுவவிடுகிறார்.

மாணவனுக்கும் கடமை உண்டு. அடையாள மிதவையை உயர்த்த வேண்டியவன் அவனே. துன்பத்தை வாய்விட்டுச் சொல்வது இழிவன்று என்பதை அவன் கற்க வேண்டும். ஆனால் மிதவையை உயர்த்தினால் பார்ப்பதற்கு ஒரு கண் உண்டு என்னும் நம்பிக்கை இருந்தால்தான் எந்தப் பிள்ளையும் அதை உயர்த்தும்.

ஓட்டத்தை எதிர்ப்பதும் அதற்கு இசைவதும் காலத்தையும் இடத்தையும் பொறுத்தவை. இரண்டும் அறமாகலாம், இரண்டும் பிழையாகலாம். மாறாத அறம் ஒன்றே. நீரில் இறங்கியவர் எத்தனை பேர் என்பதை நினைவில் வைத்திருந்து, அத்தனை பேரும் ஏறும் வரை படகைத் திருப்பாதிருத்தலே அது.