அளப்பவரையும் அளந்தபோது

1796-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் ஓர் உதவியாளருக்கு வேலை போயிற்று. அவர் பெயர் டேவிட் கின்னப்ரூக். திருடவில்லை, பொய்க்கணக்கு எழுதவில்லை, வேலைக்கு மட்டம் போடவில்லை. நட்சத்திரம் கடக்கும் நேரத்தைக் குறிப்பதில், ஆய்வகத் தலைவர் நெவில் மாஸ்கலினைவிட 0.8 விநாடி பிந்தினார். அவ்வளவுதான் குற்றம்.

அந்த வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் குற்றத்தின் கனம் புரியும். தொலைநோக்கியின் கண்ணாடிக்குள் மெல்லிய கம்பிகள் நெடுக்காக ஓடும். வானத்தை நோக்குபவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்து மணியை மனத்தில் வாங்கிக்கொள்வார். பிறகு கண்ணைத் தொலைநோக்கியில் வைத்து, ஊசலின் ‘டிக், டிக்’ ஓசையைக் காதால் எண்ணிக்கொண்டே இருப்பார். நட்சத்திரம் மெல்ல நகர்ந்து வரும். ஒரு ‘டிக்’கின்போது கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கும், அடுத்த ‘டிக்’கின்போது அந்தப் பக்கம் போயிருக்கும். இரண்டு இடங்களையும் நினைவில் நிறுத்தி, விநாடியின் எத்தனையாவது பத்தில் அது கம்பியைத் தாண்டியது என்று சொல்ல வேண்டும். பார்ப்பது கண், கேட்பது காது. இரண்டையும் ஒட்டவைக்கும் பொறுப்பு மனத்துக்கு.

இந்த முறையில் விநாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் பிசகாது என்று அன்று நம்பினார்கள். மாஸ்கலினின் கண்டிப்புக்கும் காரணம் இருந்தது. 0.8 விநாடிக்குள் நிலநடுக்கோட்டில் பூமி ஏறக்குறைய 370 மீட்டர் திரும்பிவிடும். கடலோடிகள் தீர்க்கரேகை கணிக்க நம்பியிருந்ததோ கிரீனிச்சின் கணக்கை. முந்தைய ஆகஸ்டில் அரை விநாடியாக இருந்த வித்தியாசம் ஜனவரிக்குள் 0.8 ஆக வளர்ந்திருந்தது. எடுத்துச் சொல்லியும் உதவியாளர் மாறவில்லை. முறையைக் குழப்பிக்கொண்டுவிட்டார் என்று பதிவேட்டில் எழுதி விஷயத்தை முடித்தார் மாஸ்கலின்.

மாஸ்கலின் குறித்த நேரம் சரியென்று யார் சொன்னது? அந்தக் கேள்வியை அன்று எவரும் எழுப்பவில்லை. தலைவரின் கண்ணும் காதுமே அளவுகோலாக இருந்தன.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் இருந்த வானியலர் ஃபிரெட்ரிக் பெசல் இந்தச் செய்தியைப் படித்தார். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஒருவர், திருத்திச் சொன்ன பிறகும் எதற்காகத் தொடர்ந்து பிந்த வேண்டும் என்ற ஐயம் அவரைப் பிடித்துக்கொண்டது. தன்னையே ஒரு தட்டில் வைத்தார். 1820-இல் வால்பெக் என்ற வானியலரோடும், 1823-இல் ஆர்கெலாண்டரோடும் சேர்ந்து ஒரே நட்சத்திரங்களைக் குறித்துப் பார்த்தார். மூவரும் கைதேர்ந்தவர்கள். ஆனாலும் பெசலுக்கும் மற்ற இருவருக்கும் இடையே ஒரு விநாடிக்கு மேல் வித்தியாசம் வந்தது. கின்னப்ரூக்கின் வேலையைப் பறித்த இடைவெளியைவிட இது பெரிது.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. இருவருக்கு இடையிலான வித்தியாசத்தை அளக்க முடிந்ததே தவிர, யார் சரி என்று சொல்ல வழியில்லை. எந்தக் கண்ணுக்கும் உட்படாத உண்மை நேரத்தைக் கொண்டுவந்து தர அன்று கருவி கிடையாது. பெசல் அதற்காகக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. ஒவ்வொரு வானியலருக்கும் உரிய வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் கணக்கில் கூட்டியோ கழித்தோ சரிசெய்யும் வழக்கம் அங்கிருந்து பிறந்தது.

அதே கோனிக்ஸ்பெர்க்கில் வாழ்ந்த தத்துவஞானி இம்மானுவேல் கான்ட், மனத்தின் நிகழ்வுகள் கணிதத்துக்குப் பிடிகொடுக்காதவை, ஆகவே உளவியல் முறையான இயற்கை அறிவியல் ஆக முடியாது என்று 1786-இல் எழுதியிருந்தார். கான்ட் மறுத்ததற்கும் பெசல் அளந்ததற்கும் அடுத்த படியும் அந்த ஊரிலேயே அமைந்தது. உடலியங்கியல் பேராசிரியராக அங்கே வந்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளையின் தசையையும் அதோடு ஒட்டிய நரம்பையும் எடுத்துக்கொண்டார். நரம்பைத் தசைக்கு அருகில் ஒருமுறை மின்சாரத்தால் தூண்டினார். சற்றுத் தள்ளி இன்னொருமுறை தூண்டினார். தள்ளித் தூண்டியபோது தசை மிகச் சிறிது தாமதமாகச் சுருங்கியது. 1850-இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி நரம்புச் செய்தியின் வேகம் விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். நம் எக்ஸ்பிரஸ் ரயில் போகிற வேகம். அந்த வேகத்தை ஒருநாளும் அளக்க முடியாது என்று எழுதியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆசிரியரான யோகன்னஸ் முல்லர். ஹெல்ம்ஹோல்ட்ஸின் தந்தை ஒரு பள்ளி ஆசிரியர். அவருக்கும் முதலில் மனம் ஒப்பவில்லை: நினைப்பதும் உடல் அசைவதும் ஒரே கணத்தில் நடப்பவையாயிற்றே!

தந்தையின் திகைப்பு நியாயமானது. நாம் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வாழ்கிறோம். உலகம் நம் கண்முன்னே ‘இப்போது’ நடக்கிறது, நாம் அதை ‘இப்போதே’ பார்க்கிறோம் என்பது நம் நம்பிக்கை. உண்மையில் எந்தக் காட்சியும் கொஞ்சம் பழசாகித்தான் நம்மை வந்தடைகிறது.

ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் ஹைடல்பெர்க்கில் உதவியாளராக இருந்தவர் வில்ஹெல்ம் வுண்ட். 1879-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய ஆய்வகத்தைத்தான் சோதனை உளவியலின் பிறப்பிடம் என்கிறோம். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியைக் காட்டும் கடிகாரத்தை வைத்து, ஒளியைக் கண்டு விரலை எடுக்க ஆகும் நேரத்தை அங்கே அளந்தார்கள். கருவிகளைவிட என்னைக் கவர்வது அங்கிருந்த ஒரு பழக்கம். இன்று சோதனையை நடத்திய மாணவர் நாளை சோதனைக்கு உட்காருவார். பேராசிரியர் வுண்ட்டும் மாணவர்களின் சோதனைக்குத் தன்னைக் கொடுத்தார். கிரீனிச்சில் ஒருவருடைய நேரமே எல்லோருக்கும் சட்டமாக இருந்தது. லைப்சிக்கில் சட்டத்துக்கு வெளியே யாரும் இல்லை.

அளப்பவருக்கும் தாமதம் உண்டு என்று ஒப்புக்கொண்டதால் வானியல் சீரழிந்துவிடவில்லை. ‘அவரவர் நேரம் அவரவர்க்குச் சரி’ என்று கையைக் கழுவவும் இல்லை. வித்தியாசத்தை எண்ணாக்கிக் கணக்கில் சேர்த்ததால் அது முன்னைவிடத் துல்லியமாயிற்று. கூடவே மனத்தைப் பற்றிய புதிய அறிவியலுக்கும் வழி திறந்தது.

வீட்டிலும் அலுவலகத்திலும் பிறரின் தாமதத்துக்கும் மந்தத்துக்கும் நாம் தீர்ப்பு எழுதிக்கொண்டே இருக்கிறோம். அடுத்தவர் நம்மிடமிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதையே அவருடைய பிழை என்கிறோம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சொல்லி விட்டுவிட வேண்டியதும் இல்லை. முதுகைப் பார்க்க இன்னொருவர் பக்கத்தில் நின்றால் போதும் என்று பெசல் காட்டினார். பிழையே இல்லாத பார்வை யாருக்கும் வாய்ப்பதில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு பிசகுவோம் என்று தெரிந்துவைத்திருப்பவர்கள் மட்டும் உண்டு. அளவுகோலை நம்பிக் கொடுக்கத் தகுந்தவர்கள் அவர்களே.