சீருடை போட்டால் தீட்டுப் போகுமா?

தை பிறந்ததும் கொழும்பில் பாடசாலை விளையாட்டுப் போட்டிக் காலம் தொடங்கிவிடும். நுகேகொடையில் நான் குடியிருக்கும் பக்கத்தில் பின்னேரங்களில் பாண்ட் ஒத்திகையின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கொட்டாஞ்சேனைக்குப் போனாலும் வெள்ளவத்தைக்குப் போனாலும் பெற்றோரும் பழைய மாணவரும் பேசுவது இதைப் பற்றித்தான். எந்தப் பாடசாலையின் பாண்ட் திறம், யாருடைய வரிசை குழம்பியது, பேஸ் டிரம் ஏன் பிந்தி விழுந்தது என்று நுணுக்கமாக அலசுவார்கள். "போன வருஷம் போட்ட சிவப்புக் கோட்டு என்ன எடுப்பாக இருந்தது, இந்த முறை ஏன் மாத்தினவை?" என்று ஒரு தாய் கேட்பார். "பிள்ளையள் வெயிலில வேகுதுகள், அந்தத் தொப்பியை முதலில கழட்டச் சொல்லுங்கோ அக்கா" என்பார் இன்னொருவர். புது டிரம் வாங்கச் சேர்த்த காசு என்னவாயிற்று, பொறுப்பாசிரியரை மாற்ற வேண்டுமா என்று பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் குரல் உயரும்.

இந்த அக்கறை நல்லது. பிள்ளைகளின் உழைப்பைப் பார்க்க வந்தவர்களுக்குக் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் இத்தனை பேச்சுக்கும் நடுவில் தமிழர்களாகிய நாம் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. மேளம் அடிப்பது பெருமையா, இழிவா?

பெருமை என்றுதான் மைதானத்தில் எல்லோரும் சொல்வோம். சைட் டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு, தங்கநிறப் பொத்தான் வைத்த கோட்டோடு மகள் நிற்கும் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவோம். அதே குடும்பத்தின் ஊர்வீட்டில் முன்பு ஒரு சாவு விழுந்தபோது பறையடிக்க வந்தவர் எங்கே நின்றார்? படலைக்கு வெளியே நின்றார். தேநீரைச் சிரட்டையிலோ தனிக் குவளையிலோ குடித்தார். அவருடைய கூலியைக் கையில் கொடுக்காமல் நிலத்தில் வைத்தவர்களும் உண்டு. மலையகத் தோட்டங்களில் விடியற்காலையில் வேலைக்கு ஆள்கூட்டும் பெரட்டுக்கு ஆளெழுப்பியது தப்பு மேளம். காமன் கூத்தில் ஊரையே ஆடவைத்ததும் தப்பு. ஆனால் அந்தத் தப்பை அடித்தவரின் பிள்ளை கொட்டாஞ்சேனைக்கு வந்து படித்து வேலை பார்க்கும்போது, தகப்பன் என்ன செய்தவர் என்பதைச் சொல்லத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தவர்கள் நாம்.

இரண்டு கைகளும் செய்தது ஒரே வேலை. இழுத்துக் கட்டிய ஒரு பரப்பில் குச்சியால் அடித்துத் தாளம் எழுப்பின. ஒன்றுக்குக் கைதட்டு, மற்றதற்குத் தீட்டு. இந்த வேறுபாட்டுக்கு அறிவுக்கு ஏற்ற காரணம் ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பறை செத்த மாட்டின் தோல், அதனால் தீட்டு என்பார்கள். அப்படியானால் மிருதங்கம் எதில் ஆனது? பலாமரக் குடத்தின் இரு வாயிலும் பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோலும் இருக்கின்றன. வெள்ளவத்தை ராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் மிருதங்க அரங்கேற்றம் நடக்கும்போது அந்த வாத்தியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். கோயில் கருவறைக்கு முன்னால் முழங்கும் தவிலிலும் தோல்தான். பாண்டில் தோல் இல்லையே என்று யாராவது சொல்லலாம். 1957இல் அமெரிக்காவில் மைலார் என்ற பிளாஸ்டிக் படலத்தை டிரம்மில் பூட்டிச் சந்தைக்குக் கொண்டுவரும்வரை பாண்டுகளும் பெரும்பாலும் விலங்குத்தோலில்தான் அடித்தன. இன்று பறைக்கும் பிளாஸ்டிக் பரப்பு வந்துவிட்டது. அதனால் பறையடிப்பவரின் தீட்டு கழிந்துவிட்டதா? இல்லை. ஆகவே காரணம் தோல் இல்லை.

பறை செத்தவீட்டில் அடிப்பது, அதனால் ஆகாது என்பார்கள். நாட்டுத் தலைவர் இறந்தால் முப்படைகளின் பாண்ட் சவ ஊர்வலத்தின் முன்னால் போகிறது. பேர்பெற்ற அதிபர் இறந்தால் அவருடைய பாடசாலைப் பிள்ளைகள் டிரம் அடித்துக்கொண்டு மயானம்வரை நடக்கிறார்கள். மறுநாள் அந்தப் பிள்ளைகளை எந்தத் தாயும் வாசலில் நிறுத்துவதில்லை. ஆகவே காரணம் சாவும் இல்லை.

பறையடிப்பவர்கள் குடிப்பார்கள் என்பார்கள். 1879இல் தொடங்கிய றோயல் - தோமியன் கிரிக்கெட் ஆட்டத்தை இன்றுவரை நடத்தும் கொழும்பில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாது. அந்த மூன்று நாளும் பப்பரே பாண்டின் தாளத்துக்குக் குடித்து ஆடுபவர்களில் வைத்தியரும் சட்டத்தரணியும் உண்டு. அதை இளமையின் கொண்டாட்டம் என்று பத்திரிகையில் படம் போடுகிறோம்.

தோல் போயிற்று, சாவு போயிற்று, குடியும் போயிற்று. மிஞ்சுவது ஒன்றுதான்: அடிப்பவர் எந்த வயிற்றில் பிறந்தார் என்பது. நம்முடைய தீட்டு மேளத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. அது அடிப்பவரின் பிறப்பின்மேல் நாம் ஒட்டிய பொய்.

வெள்ளவத்தையின் பாமன்கடையில் வாழ்ந்து 1978இல் மறைந்த டாக்டர் ஆபிரகாம் கோவூரைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபா என்று 1963இல் சவால் விட்டவர். கடைசிவரை ஒருவரும் அந்தப் பணத்தை வெல்லவில்லை. பேயைப் பற்றியும் சோதிடத்தைப் பற்றியும் அவர் கேட்ட கேள்வியைத் தீட்டின்மேலும் கேட்க வேண்டும். ஒரு மனிதனைத் தொட்டதால் இன்னொரு மனிதனிடம் ஏற்பட்ட மாற்றத்தை எந்தக் கருவியால் அளப்பீர்கள்? அளக்க முடியாத, காட்ட முடியாத ஒன்றுக்காக ஆயிரம் ஆண்டுகள் மனிதரைப் படலைக்கு வெளியே நிறுத்தினோம். பேயை நம்புவோரைப் பார்த்துச் சிரிக்கும் படித்த தமிழர் இந்தப் பேயை மட்டும் வீட்டுக்குள் வைத்திருக்கிறார்.

மேளத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை வரலாறு தெளிவாகவே காட்டுகிறது. நாம் ஐரோப்பியம் என்று வியக்கும் பாண்டில் பேஸ் டிரம்மும் கைத்தாளமும் 18ஆம் நூற்றாண்டில் துருக்கியச் சுல்தான்களின் ஜானிசரிப் படை வாத்தியக் குழுக்களைப் பார்த்து ஐரோப்பியப் படைகள் எடுத்துக்கொண்டவை. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அந்தப் படையைக் கலைத்தபோது பழைய வாத்தியக் குழுவையும் கைவிட்டு, பிறகு ஐரோப்பிய பாண்டை அமைக்க இத்தாலியர் ஒருவரை வரவழைத்தார். துருக்கியிலிருந்து போன மேளம் கோட்டுப் போட்டுக்கொண்டு துருக்கிக்கே உயர்வாகத் திரும்பியது. ஜெர்மன் நாடுகளில் ஊரூராகப் போய் வாசித்த இசைக்காரர்கள் மானமற்ற தொழில் செய்வோர் என்று ஒதுக்கப்பட்டார்கள். அதே நாடுகளில் அரசவைக்கும் படைக்கும் எக்காளம் ஊதியவருக்கும் முரசடித்தவருக்கும் 1623இல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினான்ட் தனிச் சலுகைகள் கொடுத்தார். வாசிப்பு ஒன்று, யாருக்காக வாசித்தார்கள் என்பது வேறு. அதிகாரத்துக்குப் பக்கத்தில் நின்ற மேளம் மானம் பெற்றது. ஏழையின் பக்கத்தில் நின்ற மேளம் மானம் இழந்தது.

நம்முடைய கதையும் இதுவே. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களிலும் பறையையும் சேர்த்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பிற்கால உரையாசிரியர்கள் பெயரும் சொன்னார்கள். பறை இல்லாத தமிழ் நிலம் இல்லை. முரசுக்கட்டிலில் அறியாமல் உறங்கிவிட்ட புலவர் மோசிகீரனாரை வெட்டாமல், நின்று கவரி வீசிய சேரமானின் பெருமையை மேடைக்கு மேடை சொல்கிறோம். முரசுக்குத் தனிக் கட்டில் இருந்தது பற்றிப் பெருமைப்படும் நாம், முரசின் பிள்ளைகளுக்குத் திண்ணையும் கொடுக்கவில்லை. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்களுடைய படையின் கோட்டையும் தொப்பியையும் நம் பாடசாலைகள் எடுத்துக்கொண்டன. ஆட்சியாளரின் உடுப்பைப் போட்டதும் அடிமையின் தொழில் கௌரவமாகிவிட்டது.

உடுப்புக்கு என்று தனி மகிமை கிடையாது. அமெரிக்காவில் டிரம் கோர் என்ற பெரிய இசை அணிநடைப் போட்டி உண்டு. 1972 முதல் நடக்கிறது. பழைய படைவீரர் சங்கங்களும் தேவாலயங்களும் வளர்த்த கலை என்பதால் படைச் சீருடையும் உயர்ந்த தொப்பியும் அதன் அடையாளம் என்று இரசிகர்கள் நம்பினார்கள். 2016இல் ஒஹாயோவின் புளூகோட்ஸ் குழு தொப்பியில்லாமல், மெல்லிய உடுப்போடு ஆடுகளத்தில் இறங்கி முதன்முறையாக உலகப் பட்டம் வென்றது. சீருடை பற்றிய வாக்குவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. ஆனால் தொப்பியைக் கழற்றியவுடன் யாருடைய மானமும் கழன்று விழவில்லை. மதிப்பு மனிதர் கொடுப்பது. கொடுத்ததை மாற்றவும் மனிதரால் முடியும்.

மாற்றினால் போதுமா என்பதற்கு நுகேகொடையிலேயே பாடம் இருக்கிறது. இங்குள்ள சிங்களப் பாடசாலைகளில் மேலைத்தேய பாண்டுக்குப் பக்கத்தில் வெள்ளை உடுத்துத் தலைப்பாகை கட்டிய கீழைத்தேய வாத்தியக் குழுவும் நடக்கிறது. தவுலும் தம்மெட்டமும் அடிக்கிறார்கள். அரச விழாக்கள் மகுல் பெர என்ற மங்கல மேள முழக்கத்தோடு தொடங்குகின்றன. மேளமடிக்கும் பெரவா சாதியாரின் பரம்பரைக் கலையைச் சுதந்திர இலங்கை தேசிய அடையாளமாக்கிப் பாடத்திட்டத்தில் வைத்தது. நாம் செய்யாததை அவர்கள் செய்தார்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கண்டி நடனக் கலைஞர்களிடையே பல காலம் ஆய்வு செய்த சூசன் ரீட் 2010இல் வெளியிட்ட நூலில், கலை மேடையேறிய பிறகும் பெரவாக் கலைஞர் சாதி அவமதிப்பைச் சந்தித்ததைப் பதிவு செய்கிறார். மேளத்தை உயர்த்துவது எளிது. மேளக்காரரைச் சமமாக நடத்துவதுதான் கடினம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பறையடித்தவர்களே அதை விட்டுவிட்டார்களே, நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? ஆம், விட்டார்கள். விட்டது சரியும்கூட. தமிழ்நாட்டில் எல். இளையபெருமாள் போன்ற தலித் தலைவர்கள் பறையடிப்பதையும் செத்த மாடு தூக்குவதையும் நிறுத்தச் சொல்லிப் போராடினார்கள். இலங்கையில் 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தபிறகும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் சாவுக்குப் பறையடிக்க மறுத்த ஒவ்வொரு கையும் மானத்தின் கை. அவர்கள் மறுத்தது கட்டாயத்தை. தாளத்தின்மேல் அவர்களுக்குப் பகை இல்லை.

ஆகவே அவர்களிடம் போய், "நம் பண்பாடு அழிகிறது, நீங்கள் தொடர்ந்து அடியுங்கள்" என்று கேட்க நமக்கு வாயில்லை. பண்பாடு எல்லோருக்கும் பொது என்றால் அதன் பாரமும் பொது. பறை வாழ வேண்டும் என்று நினைப்பவர் தன் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்கட்டும். தன் பிள்ளைக்கு வயலினும் சைட் டிரம்மும், இன்னொருவர் பிள்ளைக்குப் பறை என்று பிரிப்பவர் பண்பாட்டைக் காக்கவில்லை, சாதியைக் காக்கிறார்.

வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பில் பறைமேளக் கூத்து பல்கலைக்கழக வளாகத்துக்குள் மதிப்போடு வந்திருக்கிறது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை விடுதலையின் குரலாக அடிக்கிறார்கள். மதுரை அலங்காநல்லூரின் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. இவர்களுக்குக் கைதட்டுகிறோம். ஆனால் ஒருவரைச் சிகரத்தில் வைத்து வணங்குவது ஊரிலுள்ள மற்றவர்களோடு சேர்ந்து உண்ணாமல் இருப்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

நான் கேட்பது இதுதான். அடுத்த விளையாட்டுப் போட்டிக்குக் கொழும்பின் ஒரு தமிழ்ப் பாடசாலை பறைக்குழு ஒன்றை அமைக்கட்டும். எல்லா வீட்டுப் பிள்ளையும் அதில் இருக்கட்டும். கற்பிக்க வரும் ஆசானுக்கு பாண்ட் மாஸ்டருக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைக் கொடுங்கள். அழைப்பிதழில் அவர் பெயரை அச்சிடுங்கள். பிரதம விருந்தினரின் வரிசையில் நாற்காலி போடுங்கள், அதே மேசையில் சாப்பாடு பரிமாறுங்கள். அதன்பிறகு உடுப்பின் நிறம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம்.

அதோடு நின்றுவிடவும் கூடாது. மேடையில் சமத்துவம் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும், வீட்டில் அது தலைமுறைக்கு நீளும். பறையடித்தவரின் பேத்தியை உங்கள் மகன் விரும்பிக் கூட்டிவந்தால் கதவைத் திறப்பீர்களா? வெள்ளவத்தையில் மாப்பிள்ளை தேடும் பெற்றோர் படிப்பையும் வேலையையும் கேட்டுவிட்டு, ஊர் எது, எந்தக் குறிச்சி, யாருடைய ஆட்கள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வியை நிறுத்துவார்களா? இந்தச் சோதனையில் தேறும்வரை, சாதியெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல நம்மில் ஒருவருக்கும் உரிமை இல்லை.