பலருக்காக ஒருவர்: யார் சொல்ல வேண்டிய சொல்?



விண்வெளிக் கதைகள் என்றால் சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகின்றோம். கூரான காதுகள், ஒளி கக்கும் துப்பாக்கிகள், ஒருநாளும் நடவாத பயணங்கள்: இவற்றில் பெரியவர்கள் சிந்திப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உளர். ஆயினும் ஒரு நல்ல விண்வெளிக் கதை நமது வீட்டுக் கேள்வியையே எங்கோ ஒரு தூர உலகத்தில் வைத்துக் காட்டுகிறது. தூரத்தில் நடப்பதால் நாம் அதைக் கோபமோ வெட்கமோ இன்றிப் பார்க்க முடிகிறது.

அத்தகைய கேள்வி ஒன்றை இம்முறை எடுத்துக்கொள்வோம். பலருடைய நன்மைக்காக ஒருவர் தன்னை இழக்கலாமா? அப்படி இழக்கும்படி மற்றவர்கள் அவரைக் கேட்கலாமா? இவை இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். ஒன்றல்ல என்பதே நமது கருத்து.

'ஸ்டார் ட்ரெக்' தொடர் 1966ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பமாகியது. என்டர்பிரைஸ் என்னும் விண்கலத்தின் கப்டன் கேர்க். அவருக்கு அடுத்த அதிகாரி ஸ்பொக். ஸ்பொக்கின் தந்தை வல்கன் கிரகத்தவர். தாய் பூமியைச் சேர்ந்தவர். வல்கன்கள் உணர்ச்சிகளை அடக்கி, அறிவு காட்டும் வழியில் நடக்கப் பழகியவர்கள்.

இத்தொடரின் வழிவந்த இரண்டாவது திரைப்படம் 'த ராத் ஒப் கான்', 1982இல் வெளியானது. பெரும் வெடிப்பொன்று நிகழப் போகிறது. கலத்தின் இயந்திரமோ பழுதாகிக் கிடக்கிறது. கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் ஒருவர் நுழைந்தால்தான் அதைத் திருத்த முடியும். ஸ்பொக் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தடுக்க வந்த வைத்தியர் மக்கோயை மயங்கச் செய்துவிட்டு உள்ளே போகிறார். கலம் தப்புகிறது. கேர்க் ஓடி வரும்போது இருவருக்கும் இடையில் ஒரு கண்ணாடிச் சுவர் நிற்கிறது. பலருடைய தேவை ஒருவருடைய தேவையிலும் பெரியது என்பதே உயிர் பிரியும் வேளையில் ஸ்பொக் காட்டும் நியாயம்.

இந்தக் காட்சியில் கண்கலங்காத ரசிகர் குறைவு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சொல்லைச் சொன்னவர் ஸ்பொக். அதே சொல்லைக் கேர்க் சொல்லியிருந்தால்? "நாங்கள் பலர், நீ ஒருவன், ஆகவே நீ போ" என்று நண்பனை அனுப்பியிருந்தால்? கணக்கு அதேதான். தப்பிய உயிர்களும் அத்தனைதான். ஆனாலும் அந்தப் படத்தை நாம் இன்றுவரை இப்படி நினைவில் வைத்திருக்க மாட்டோம். தமிழ் இலக்கணத்தின்படி சொல்வதானால், தன்மையில் சொன்னால் அது ஈகை. முன்னிலையில் சொன்னால் அது கட்டளை.

இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டுவது 'த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1989இல் ஒளிபரப்பான 'த மெஷர் ஒப் எ மான்' என்ற பகுதி. டேட்டா ஓர் இயந்திர மனிதர். விண்கலத்தில் பொறுப்புள்ள அதிகாரி. மடொக்ஸ் என்ற விஞ்ஞானி, டேட்டாவைப் பிரித்து ஆராய்ந்து, அவரைப் போல ஏராளமானோரை உருவாக்க விரும்புகிறார். ஒவ்வொரு விண்கலத்திலும் ஒரு டேட்டா இருந்தால் ஆபத்தான வேலைகளில் எத்தனை மனிதர்கள் தப்புவார்கள்! நோக்கம் கெட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் மடொக்ஸுக்கு அந்த வேலையில் போதிய தேர்ச்சி இல்லை என்று டேட்டா மறுக்கிறார். பதவி விலகவும் பார்க்கிறார். நீ ஒரு பொருள், பொருளுக்குப் பதவி விலகும் உரிமை இல்லை என்று பதில் வருகிறது.

விசாரணை நடக்கிறது. கப்டன் பிக்கார்ட் டேட்டாவுக்காக வாதாடுகிறார். எதிர்த்து வாதாடும் கடமை டேட்டாவின் நண்பரான ரைக்கரின் தலையில் விழுகிறது. தூக்கி எறியக்கூடிய உயிர்களை ஆயிரக்கணக்கில் செய்துவைத்து வேலை வாங்குவதற்கு என்ன பெயர் என்று ஒரு தோழி பிக்கார்ட்டைச் சிந்திக்க வைக்கிறாள். அடிமைத்தனம் என்பதே அந்தப் பெயர். இறுதியில், டேட்டாவுக்கு ஆன்மா உண்டா என்பதை நீதிபதி தீர்மானிக்கவில்லை. தெரிவு அவருடையது என்று மாத்திரம் தீர்ப்பளிக்கிறார். டேட்டாவோ மடொக்ஸ் மீது கோபம் கொள்ளாமல், ஆராய்ச்சியைத் தொடருங்கள் என்று கூறி விடைபெறுகிறார்.

13 ஆண்டுகள் கழித்து, 2002இல், பத்தாவது திரைப்படமான 'நெமசிஸ்' வந்தது. ஸ்டார் ட்ரெக் படங்களில் இரட்டை எண் படங்கள் சிறந்தவை, ஒற்றை எண் படங்கள் சுமார் என்பது ரசிகர்களிடையே நெடுநாளாக இருந்த பேச்சு. அந்தப் பேச்சைப் பொய்யாக்கிய படம் இது என்பது நமது அபிப்பிராயம். இருந்தாலும் இதன் முடிவை அந்த 1989ஆம் ஆண்டுப் பகுதியோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். எதிரியின் கலத்தில் பிக்கார்ட் சிக்கியிருக்கிறார். தப்பிச் செல்ல உதவும் சிறு கருவி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. டேட்டா வெற்றுவெளியில் பாய்ந்து அங்கே சென்று, கருவியைப் பிக்கார்ட்டின் மீது பொருத்தி அனுப்பிவிட்டு, எதிரியின் ஆயுதத்தை அழித்துத் தானும் அழிகிறார். அன்று எவரும் தன்னிடமிருந்து பறித்துக்கொள்ள அவர் விடவில்லை. இன்று தானாகவே கொடுத்தார். மறுக்கும் உரிமை இருந்தபடியால்தான் அது கொடை ஆயிற்று.

எல்லா வேளையிலும் சம்மதம் கேட்க முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1967இல் வந்த 'த சிட்டி ஒன் த எட்ஜ் ஒப் போரெவர்' என்ற பகுதி இதையே எடுத்துக்கொள்கிறது. கேர்க் 1930ஆம் ஆண்டின் நியூயோர்க் நகருக்குப் போகிறார். ஏழைகளுக்கு உணவளிக்கும் ஈடித் கீலர் என்ற பெண்ணை நேசிக்கிறார். அவள் உயிரோடிருந்தால் அவளுடைய சமாதான இயக்கம் அமெரிக்கா போரில் இறங்குவதைத் தாமதப்படுத்தும், ஹிட்லர் வென்றுவிடுவான். ஆகவே விபத்தில் அவள் இறக்கும்போது, காப்பாற்றப் பாயும் மக்கோயைக் கேர்க் பிடித்து நிறுத்துகிறார். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இது சரியா பிழையா என்று இன்றும் விவாதிக்கலாம். ஆனால் கதை இதை வெற்றியாகக் காட்டவில்லை. மனமுடைந்த கேர்க் அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்கிறார். ஈடித் உலகத்துக்காகத் தியாகம் செய்தாள் என்று அங்கே எவரும் சொல்லவில்லை. அவள் செய்யவில்லை, அவளுக்குச் செய்யப்பட்டது. தியாகம் என்ற சொல் தானாகத் தெரிந்தெடுத்தவருக்கு மாத்திரமே உரியது.

இனி நமது வீடுகளுக்கு வருவோம். நாம் தியாகம் என்ற சொல்லைச் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்தும் மக்கள். முதலில் வந்த அண்ணன் உணவகச் சமையலறையில் இரவிரவாகக் கோப்பை கழுவி, தம்பி தங்கைகளைக் கூப்பிட்டு எடுத்து, தங்கைமாரைக் கரைசேர்த்து, நாற்பது வயதில் தன் கலியாணத்தை யோசித்தார். அக்கா படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனார். இவர்களில் பலர் மனமுவந்து செய்தவர்கள், அவர்களை வணங்குவோம். ஆனால் வேறு சிலரிடம் "நீதானே மூத்தது" என்று சொல்லப்பட்டது. பதிலுக்கு எவரும் காத்திருக்கவில்லை. பின்னர் கலியாண மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, அவர் பெரிய தியாகி என்று புகழ்ந்தோம்.

குடும்பம் கேட்கவே கூடாதா? கேட்கலாம். போரும் வறுமையும் துரத்திய காலத்தில் கேட்காமல் இருந்திருக்கவும் முடியாது. ஆனால் ஒரு சோதனை உண்டு. அந்தப் பிள்ளை "என்னால் இயலாது" என்று சொல்லியிருந்தால், அந்த வீட்டில் அதற்கு அதே பாசமும் அதே இடமும் இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றால் அது வேண்டுகோள். இல்லை என்றால், டேட்டாவுக்குச் சொன்னது போல, நீ எங்கள் பொருள் என்று சொன்னதாகவே ஆகும். "உனக்காக எல்லாவற்றையும் விட்டு வந்தோம், ஆகவே நீ வைத்தியம் படி" என்று பிள்ளையிடம் சொல்லும்போதும், கொடுத்த கொடைக்கு விலைச்சீட்டு எழுதுகிறோம்.

கொடுத்தவருக்குப் பெற்றவர் செய்ய வேண்டியது என்ன என்பதற்கும் இக்கதையில் பதில் இருக்கிறது. 1984இல் வந்த மூன்றாவது படம் ஒற்றை எண் என்பதால் பலரால் ஒதுக்கப்பட்டது; அது நியாயமல்ல. ஸ்பொக்கை மீட்க வழி உண்டென்று அறிந்த கேர்க், மேலிடத்து உத்தரவை மீறித் தன் பழைய கலத்தையே களவாக எடுத்துச் செல்கிறார். மகனை இழக்கிறார். கலத்தையும் தன் கையாலேயே அழிக்க நேர்கிறது. உயிர் மீண்ட ஸ்பொக் ஏன் என்று கேட்டபோது, ஒருவருடைய தேவை பலருடைய தேவையிலும் பெரிதாக இருந்தது என்கிறார் கேர்க். நான்காவது படத்தில், 1986இல், இது பிழையான கணக்கல்லவா என்று ஸ்பொக்கின் தாய் மகனைச் சிந்திக்க வைக்கிறார். அதே படத்தில், ஆபத்திலிருக்கும் செக்கொவ் என்ற தோழரை மீட்கத்தான் வேண்டும் என்று சொல்பவர் ஸ்பொக். அறிவுக் கணக்குக்கு அது பொருந்தாது என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

இரு நண்பர்களும் நேர்மாறாகப் பேசினாலும் இருவர் சொன்னதும் சரியே. பலர் பெரிது என்பது கொடுப்பவர் சொல்ல வேண்டிய சொல். அந்த ஒருவர் பெரிது என்பது பெற்றவர் சொல்ல வேண்டிய சொல். கொடுப்பவரின் சொல்லைப் பெறுபவர் தம் வாயில் எடுத்துக்கொள்ளும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது.

ஆகவே, நமக்காக ஒருவர் எதையாவது விட்டுக்கொடுத்திருந்தால், மேடைப் புகழ்ச்சியோடு கணக்கை முடிக்காதிருப்போம். அந்த அக்காவுக்கு இன்னும் படிக்க விருப்பமா என்று கேட்கலாம். அந்த அண்ணனின் முதுமையில் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிச் செல்வது என்று தம்பிமார் இப்போதே பேசிவைக்கலாம். ஒரு விடுமுறை நாளில் இரண்டாவது படத்தையும் மூன்றாவது படத்தையும் பிள்ளைகளோடு சேர்ந்திருந்து பாருங்கள். பார்த்து முடிந்ததும் அவர்களுடைய கருத்தைக் கேளுங்கள். அவர்கள் நம்மோடு ஒத்துப்போகாவிட்டாலும், பொறுமையோடு கேளுங்கள்.