அன்னப் பார்ப்பும் அடைக்கலமும்



கூட்டிலிருந்து வீழ்ந்த பறவைக் குஞ்சு நம் முற்றத்தில் துடிக்கக் கண்டால், கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம் வாளாவிருத்தல் இயலாது. நற்காட்சி உடையோர்க்குரிய அடையாளங்களுள் அனுகம்பை எனும் உயிரிரக்கமும் ஒன்றன்றோ? ஆயினும், இரக்கம் மட்டும் போதுமா என்பதை இங்கே சிந்திப்போம்.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில் சீவகனின் முற்பிறப்பு வரலாறு வருகிறது. அப்பிறப்பில் அவன் அசோதரன் என்னும் அரசகுமரன். தேவியர் விரும்பியதால் அன்னப் பார்ப்பு ஒன்றைப் பொய்கையினின்றும் பிடித்துவந்து அரண்மனையில் வளர்த்தான். வதைக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை, அன்போடுதான் வளர்த்தான். தந்தை அறிவுறுத்தியபின் அதனை விடுவித்தான். எனினும், குஞ்சைத் தாயினின்று பிரித்துச் சிறைவைத்த அவ்வினை, அவன் சீவகனாய்ப் பிறந்து தாயைப் பிரியவும், கட்டியங்காரனால் கட்டுண்ணவும் காரணமாயிற்று. அன்பும் கட்டாகலாம் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

அகிம்சை அணுவிரதத்திற்குரிய அதிசாரங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். கட்டுதல் முதலில் நிற்பதைக் கருதுக. கிளி, மைனா முதலிய நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து வளர்த்தலை 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது.

இனி, நல்ஞானம் வேண்டுமிடம் இது. நாம் ஆசிரியப் பணியில் இருந்த நாள்களில், குஞ்சைக் கையிலேந்தி வந்து நிற்கும் மாணவரைப் பலமுறை கண்டதுண்டு. அவர்க்குக் கூறியதையே இங்கும் கூறுகிறோம். இறகு நன்கு முளைத்து, குட்டை வாலுடன் தத்தித் திரியும் குஞ்சு அனாதையன்று, பறக்கப் பழகுகிறது. பெற்றோர் அருகிலேயே இருக்கும். பூனை, நாய் அணுகாமல் ஒரு கிளையில் அமர்த்தி விலகி நின்றால் போதும். இறகு முளையாத குஞ்சாயின் கூட்டில் திரும்ப வைக்கலாம். மனிதர் தொட்டால் தாய் ஏற்காது என்பது பொய். கூடு சிதைந்திருப்பின், நீர் வடியக்கூடிய சிறு கூடையில் உலர்ந்த புல்லிட்டு அதே மரத்தில் கட்டி வைத்து, தொலைவிலிருந்து நோக்குக. தாய் வரும்.

குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்கு முதலில் தேவை உணவன்று, வெப்பம். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இளஞ்சூட்டு நீர்ப் புட்டியைத் துணி சுற்றி அருகே வைக்கலாம். வாயில் நீர் வார்த்தல் கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியிலேயே இருத்தலால் நீர் நுரையீரலில் புகும். பாலும் பறவைக்குச் செரியாது.

நமக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் இங்குண்டு. தானியம் உண்ணும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டுகிறது. ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரைக் கொல்ல நம் விரதம் இடந்தராது. சோறு ஊட்டினாலோ குஞ்சு பிழையாது. தாய்ப்பறவை தன் இயல்பால் ஊட்டுவதில் நம் மனமொழி மெய்களுக்குத் தொடர்பில்லை. எனவே குஞ்சைத் தாயிடம் சேர்ப்பதே குஞ்சுக்கும் நம் விரதத்திற்கும் நலம்.

பெற்றோர் இறந்தமை உறுதியானால்? வனத்துறையினரிடமோ கால்நடை மருத்துவரிடமோ தாமதமின்றி ஒப்படைத்தலே கடன். "அங்கே புழு ஊட்டுவார்களே, செய்வித்தலும் குற்றமன்றோ?" எனச் சிலர் வினவலாம். வினா முறையானதே. இல்லறத்தார் விரதம் சங்கல்ப இம்சையை விலக்குவது. நாம் வேண்டுவது குஞ்சின் வாழ்வேயன்றிப் புழுவின் சாவன்று. விரதத்தின் பெயரால் குஞ்சை வீட்டில் பட்டினி கிடத்துவதோ, ஐந்தாம் அதிசாரமாகிய உணவு தடுத்தலேயாகும்.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் நடைபெற்றுவரும் பறவை மருத்துவமனை 1929இல் தொடங்கப்பெற்றது. ஊனுண்ணும் பறவைகளை அங்கே உள்ளே தங்கவைப்பதில்லை. ஆயினும் மருந்திட மறுப்பதுமில்லை. நலம் பெற்ற பறவைகளை வானில் பறக்கவிடுகின்றனர். விரதமும் இரக்கமும் ஒருங்கே நிற்கும் வழி இதுவே.

ஆகவே, அடைக்கலம் என்பது உடைமையன்று. இக்கோடையில் நம் வீட்டுக் குழந்தைகள் குஞ்சொன்றைக் கொணர்ந்தால், "வளர்ப்போமா?" எனக் கேட்பர். "இதன் தாய் எங்கே என்று பார்ப்போம், வா" என அழைத்துச் செல்வோமாக. அதுவே நல்லொழுக்கம்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!