யாருக்கு நஷ்டம்?



சென்ற நோன்புப் பெருநாளுக்குச் சில தினங்களுக்கு முன், சூலியா தெருவை அடுத்த நம் சிறு கடைக்கு நம் சகோதரியின் மகன் வந்தான். கைக்கடிகாரமும் கைப்பேசியும் விற்கும் கடை அது. "மாமா, ஒரு ரசீது எழுதித் தாங்க. என் கைப்பேசியை உங்க கடையிலே வாங்கினதா, விலையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தந்தாப் போதும். நாளைக்குக் களவு போச்சுன்னு போலீஸ்லே எழுதி வச்சிடுவேன். காப்புறுதியிலே புதுசு கொடுப்பாங்க" என்றான். கைப்பேசி எங்கே என்று கேட்டோம். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அதை இணையத்தில் வாங்கிக்கொள்ள ஆளும் பேசி வைத்திருந்தான்!

நாம் மறுத்தோம். "யாருக்கு மாமா நஷ்டம்? கம்பெனி பெரிசு. ரெண்டு வருஷமாக் கட்டுறேன், ஒரு காசு வாங்கினதில்லையே" என்றான்.

இக்கேள்வியை அவன் மட்டும் கேட்கவில்லை. நம்மில் பலர் மனத்துக்குள் கேட்டுக்கொள்வதுதான். ஆகவே இதைச் சற்று நிதானமாக யோசிப்போம்.

முதலாவது, கட்டிய பணம் வீண் என்பது. கடைக்கு இரவுக் காவலாக ஒரு ஜாகாவை வைத்து மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறோம். வருடம் முழுவதும் திருடன் வரவில்லை. அதற்காகச் சம்பளத்தைத் திருப்பித் தா என்போமா? அல்லது நாமே பூட்டை உடைத்துக் கணக்கைச் சரிக்கட்டுவோமா? நாம் வாங்கியது காவலை. அது நமக்குக் கிடைத்து விட்டது.

இரண்டாவது, கம்பெனி பெரிது என்பது. இந்நாட்டில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் தக்காஃபுல் முறை ஏற்பட்டு, மறு ஆண்டே அதற்கென ஸ்தாபனம் தொடங்கியதை நாம் அறிவோம். அதிலே சேருவோர் போடும் பணம் ஒருவருக்கொருவர் உதவ விட்டுக்கொடுத்த பொதுப் பணம். பொய் சொல்லி அதில் கை வைப்பவன், முகம் தெரியாத ஆயிரம் சகோதரர்களின் பையில் கை வைக்கிறான். சாதாரணக் காப்புறுதியிலும் பொய்க் கோரிக்கை பெருகினால் சந்தா ஏறும். அதைச் சுமப்பவர் யோக்கியமாய்க் கட்டுகிறவர்.

"அந்தக் காப்புறுதியே ஆகாது என்று ஆலிம்கள் சொல்கிறார்களே, அவர்கள் பணத்தை எடுத்தால் என்ன?" என்று வாதிப்போரும் உண்டு. ஆகாதென்றால் சேராமல் இருப்பதே வழி. சேர்ந்து கையெழுத்துப் போட்ட பின், எதிராளியின் குற்றம் நம் பொய்யை மெய்யாக்கி விடாது.

சட்டத்தையும் நினைவூட்டுவோம். தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவில் ஏமாற்றுக் குற்றத்துக்கு ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை சிறையும், பிரம்படியும், அபராதமும் உண்டு. பொய்ப் புகார் கொடுப்பது தனிக் குற்றம்.

நிற்க. இவ்வளவும் சொல்லி முடித்ததும் மருமகன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். "அந்த பங்களாதேஷ்காரருக்கு நீங்க செஞ்சது மட்டும் என்ன மாமா?" என்றான். நமக்கு நா எழவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு ஆண்டுக்கு முன், இணையத்தில் ஒருவரிடம் பழைய கைப்பேசிகள் இரண்டை வாங்கினோம். கடைத்தெரு விலையில் பாதிதான். இவ்வளவு மலிவாக ஏன் தருகிறார் என்று நாம் கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை என்பதே உண்மை. ஒன்றை ஒரு தொழிலாளிக்கு 650 வெள்ளிக்கு விற்றோம். பத்தாம் நாள் அது பூட்டிக்கொண்டது. பழைய உரிமையாளரின் கணக்கு அதில் நீக்கப்படாமலே இருந்து, அவர் தொலைவிலிருந்தே பூட்டி விட்டார். நமக்கு விற்றவரோ தொடர்புக்கே அகப்படவில்லை. தொழிலாளி வந்து நின்றபோது, "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டினோம். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

வியாபாரியாயிருந்த இமாம் அபூஹனீபா அவர்கள், தம் கூட்டாளி ஒரு துணியின் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார் என்று அறிந்ததும், வந்த தொகை முழுவதையும் தர்மம் செய்ததாகச் சொல்வர். மதரஸாவில் படித்த பாடம் அது. ஆனால் பலகையைக் காட்டியபோது அந்தப் பாடம் நம் நினைவுக்கு வரவில்லை. ஒரு வாரம் தூக்கமின்றிக் கழித்தபின் அவரைத் தேடினோம். வேலை மாறிக் கூலிம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், அங்கும் கிடைக்கவில்லை. 650 வெள்ளியும் உறையிலே நம் மேசையறையில் இருக்கிறது. தேடுங்கள், கிடைக்கவே மாட்டாரென்றால் அவர் பேரால் தர்மம் செய்யுங்கள், பின்னொரு நாள் வந்தால் அப்போதும் கொடுக்கக் கடமைப்பட்டவர் நீங்களே என்று ஆலிம் ஒருவர் கூறினார்.

யோசித்துப் பாருங்கள். மருமகன் 'களவு போன' கைப்பேசியை விற்க எண்ணியது நம்மைப் போன்ற ஒருவருக்குத்தான். மலிவைக் கண்டு கேள்வி கேளாமல் வாங்குபவன் இருப்பதால்தான் பொய்க் களவு லாபமாகிறது. அவன் செய்ய நினைத்ததும் நாம் செய்ததும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

எனவே, பழைய கைப்பேசி வாங்குமுன் *#06# அழுத்தி, வரும் 15 இலக்க எண்ணைப் பெட்டியோடும் ரசீதோடும் ஒப்பிடுங்கள். பழைய கணக்கை விற்பவரே நம் கண் முன் நீக்கட்டும். பணம் அனுப்புமுன் போலீசாரின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணைச் சரிபாருங்கள். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் தாமதியாமல் 997க்கு அழையுங்கள். வணிகரிடம் ஏமாந்தவர் 5 வெள்ளிக் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பல்லாண்டு நடத்தி 2019இல் மறைந்த மர்ஹூம் எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் அவர்களும் நம்மைப் போல் வியாபாரியே. விற்பவர் வாங்குபவர் பக்கம் நிற்கலாம் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ரசீது கொடாததால் சகோதரி இன்னும் நம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மருமகன் மட்டும் போன வெள்ளிக்கிழமை கப்பித்தான் கிளிங் பள்ளியில் சலாம் சொன்னான். அதே பழைய கைப்பேசிதான் கையில் இருந்தது. கடையில் அந்தப் பலகையை நாம் கழற்றிவிட்டோம்.

யாருக்கு நஷ்டம் என்று கேட்டான் அல்லவா? மேசையறையைத் திறக்கும்போதெல்லாம் அந்த உறை பதில் சொல்கிறது. நம் தராசையும் நாவையும் நேராக்கி வைக்க வல்ல நாயன் அருள் புரிவானாக. ஆமீன்.